பழைய கேம்பர் வேனின் காற்று வழியும் பெட்ரோல் வழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்பக்கம் இன்ஜின் வைத்த, காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. 1967 வரை வந்த, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த வேன், அதன் பிறகு 1979 வரை ஜெர்மனியில் தயாரான ஒற்றைக் கண்ணாடி வேன் இரண்டுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். வேறு கம்பெனியின் பழைய வேன் என்றால் குழாய் போகும் பாதை மாறும். வேலையை எந்த வரிசையில் செய்வது என்பது மாறாது.

வண்டி சீராக ஓடவில்லை. முதலில் கார்புரேட்டரைத்தானே பார்க்க வேண்டும்?

வேண்டாம். அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

கார்புரேட்டருக்கு இருப்பது ஒரே வேலை. தன் வழியாகப் போகும் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலைக் கலந்துவிட வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. கன அளவில் சொன்னால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். அந்தக் காற்றில் ஒரு பகுதி கார்புரேட்டரைத் தொடாமல் வேறொரு விரிசல் வழியாக நுழைந்தாலோ, பெட்ரோல் விட்டுவிட்டு வந்தாலோ, எந்தத் திருகைத் திருகினாலும் கணக்கு தப்பும். ஐடிலிங்கில் சரியாக வந்ததுபோல் இருக்கும், சாலையில் இறங்கியதும் பழைய கதைதான்.

நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பெட்ரோல் ஹோஸ்கள், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. அடுத்து காற்றுக் கசிவு. அதன் பிறகு வால்வு இடைவெளி, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை), டைமிங் (தீப்பொறி விழும் நேரம்). இவ்வளவும் முடிந்த பிறகுதான் கார்புரேட்டர். பாதிப் பேருக்கு அங்கே போய்ச் சேரும் முன்பே வண்டி சரியாகிவிடும்.

ஹோஸ் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டும். எப்போது மாற்றியது என்று உங்களுக்கே தெரியாத ஹோஸ் எதையும் நம்பாதீர்கள்.

என் வேனை வாங்கியபோது, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டது என்று விற்றவர் சொன்னார். வெளியே துணி பின்னிய பழைய பாணி ஹோஸ்தான். துணி சுத்தமாக, கறுப்பாக இருந்தது. பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் துண்டைக் கழற்றி இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தேன். வளைவின் வெளிப்பக்கத்தில் துணி ஈரமானது. ஒரு நொடி கழித்து அங்கே ஒரு சொட்டு பெட்ரோல் திரண்டு நின்றது. துணியை உரித்தால் உள்ளே ரப்பர் முழுக்கக் குறுக்கு விரிசல், சில இடங்களில் நகம் உள்ளே போகும் ஆழம். அந்த ஹோஸோடு வேன் எங்கள் கைக்கு வந்து இரண்டு இரவு குழந்தைகள் அதில் தூங்கியிருந்தார்கள்.

துணி பின்னிய ஹோஸின் ஆபத்து இதுதான். ரப்பரில் விழும் வெடிப்பைத் துணி மறைத்துவிடும். மூல வடிவத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று விரும்புபவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அழகை விட்டுவிடலாம். துணி இல்லாத ஹோஸ் போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்.

எந்த ஹோஸ் வாங்குவது?

கார்புரேட்டர் வண்டிகளில் உள்விட்டம் பெரும்பாலும் 5 மி.மீ. சுற்றளவில் இருக்கும். அது உலோகக் குழாயின் மேல் இறுக்கமாக ஏற வேண்டும், லேசாக வழுக்கிக்கொண்டு போனால் அளவு தப்பு. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் குழாய் பெரிது, அழுத்தமும் பல மடங்கு. அதற்கான ஹோஸ் வேறு, இதை அதற்குப் போடவே கூடாது.

ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த ஜே30 என்ற தரத்தில் ஆர்6, ஆர்7, ஆர்9 என்று வகைகள் உண்டு. ஆர்9 வாங்குங்கள். அதன் உள்சுவரில் ஃப்ளூரோ ரப்பர் பூச்சு இருப்பதால் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும். அழுத்தத்தையும் தாங்கும். எதுவும் அச்சிடாத ஹோஸை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும் சரி, தொடாதீர்கள். கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் டியூப் கூடவே கூடாது. சூட்டில் முதலில் இளகும், பிறகு கல்லாகி உடையும்.

கிளிப்பிலும் கவனம் வேண்டும். பட்டையில் வரிசையாக ஓட்டை போட்ட, திருகு வைத்து இறுக்கும் சாதாரண வார்ம் கிளிப் சின்ன ஹோஸை முழு வட்டமாக இறுக்காது, இறுக்க இறுக்க ரப்பருக்குள் வெட்டிக்கொண்டு போகும். ஓரம் மடித்த, ஓட்டையில்லாத பட்டை கொண்ட சிறிய கிளிப்தான் சரி. குழாயின் முனையில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். கிளிப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும், அதன் மேல் அல்ல.

எந்தெந்த இடத்து ஹோஸை மாற்ற வேண்டும்?

கண்ணுக்குத் தெரிவது இரண்டு மூன்று துண்டுதான். மிச்சம் எல்லாம் மறைவில் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

டேங்கின் அடியிலிருந்து உலோகக் குழாய்க்கு ஒரு துண்டு. அந்தக் குழாய் கியர்பாக்ஸ் பக்கமாக வந்து, இன்ஜினின் முன்தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே நுழையும். அங்கே ரப்பர் வளையம் ஒன்று இருந்தாக வேண்டும். அது விழுந்துபோன வண்டிகள் ஏராளம். வளையம் இல்லாவிட்டால் இன்ஜின் அதிர்கிற ஒவ்வொரு முறையும் தகட்டின் கூர்மையான விளிம்பு குழாயை அராவும், அல்லது ஹோஸை அறுக்கும். சின்ன ரப்பர் வளையம்தான், ஆனால் இந்த வேலையில் அதைவிட முக்கியமான சாமான் இல்லை.

அப்புறம் டேங்க் வாய்க்குப் போகும் பெரிய ஹோஸ், டேங்கின் மேல்பக்கத்துக் காற்றுப்போக்கி ஹோஸ்கள். இன்ஜினை இறக்கும் வேலை எப்போது வந்தாலும் இவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பல வருடத்து வண்டிகளில் இன்ஜின் வெளியே வராமல் டேங்கின் மேல்பக்கத்துக்குக் கை எட்டாது.

சில வேன்களில் பெட்ரோலில் எரியும் தனி ஹீட்டர் பொருத்தியிருப்பார்கள். ஹீட்டரை எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள், அதற்குப் போன கிளைக்குழாய் மட்டும் அப்படியே இருக்கும், முனையில் ஒரு போல்ட்டைச் சொருகி மூடியபடி. தேடிப் பாருங்கள். கிடைத்தால் கிளையை வேரோடு எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுங்கள்.

உலோகக் குழாய் துருப்பிடித்திருந்தால் அதே விட்டத்தில் நிக்கல் கலந்த செம்புக் குழாய் போடலாம். சுத்தச் செம்பு வேண்டாம். அதிர்வில் நாளடைவில் இறுகி, வளைவில் முறியும்.

வேலை தொடங்கும் முன் கவனிக்க வேண்டியது?

இந்த வேனில் டேங்க் பம்பைவிட உயரத்தில் இருக்கிறது. ஹோஸைக் கழற்றினால் இன்ஜின் ஓடாவிட்டாலும் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும், டேங்க் காலியாகும் வரை. இரவில் ஒரு ஹோஸ் வெடித்தாலும் இதேதான் நடக்கும். எனவே டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் வேலையை வையுங்கள், மிச்சத்தை வடித்துவிடுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வேனுக்குள் கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்தால் அதன் பைலட் சுடரை அணைத்து சிலிண்டரையும் மூடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். மூடிய ஷெட்டுக்குள்ளோ குழிக்குள்ளோ இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கார்புரேட்டரின் பித்தளைக் குழாய் கழன்று வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்த வேன்களில் வழக்கமாக இருக்கும் சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் சின்னப் பித்தளைக் குழாய்க்கு மரை கிடையாது. அலுமினிய உடலுக்குள் வெறுமனே அடித்து இறக்கியது. சூடாவதும் ஆறுவதுமாகப் பல வருடம் போனால் பிடி தளரும். ஹோஸ் அதிர்ந்துகொண்டே இருக்கும், யாரோ ஒருவர் ஹோஸை இழுத்துக் கழற்றியிருப்பார். ஒருநாள் ஓடும்போது குழாய் ஹோஸோடு சேர்ந்து கழன்று விழும். பம்ப் தன் பாட்டுக்குப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும், அதற்கு மிக அருகில் டிஸ்ட்ரிபியூட்டரின் தீப்பொறி.

ஹோஸை எடுத்துவிட்டு, அந்தக் குழாயை விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். இம்மி சுழன்றாலும் அந்தக் கார்புரேட்டரை அப்படியே ஓட்டாதீர்கள். மூடியைக் கழற்றி, ஓட்டையில் மரை வெட்டி, மரை உள்ள குழாய் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. லேத் பட்டறையில் சிறிய வேலை. பம்பின் குழாய்களையும் இதேபோல் சோதியுங்கள். ஹோஸைக் கழற்றும்போது ஒருபோதும் இழுக்காதீர்கள், நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்தெடுங்கள்.

பெட்ரோல் ஃபில்டரை எங்கே வைப்பது?

டேங்குக்கும் பம்புக்கும் நடுவே, முடிந்தால் முன்தகட்டுக்கு அந்தப் பக்கம், இன்ஜின் அறைக்கு வெளியே. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே, டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே ஃபில்டர் தொங்குவதை நிறைய வண்டிகளில் பார்க்கிறேன். பார்க்கவும் மாற்றவும் வசதி, அதனால் அங்கே வைக்கிறார்கள். ஆனால் அதன் எடை முழுவதும் அந்தப் பித்தளைக் குழாயை ஆட்டிக்கொண்டே இருக்கும். போன பதிலில் சொன்னது இப்படித்தான் தொடங்குகிறது.

டேங்கில் துரு இருந்தால் புது ஃபில்டர் சீக்கிரமே பழுப்பாகிவிடும். மாற்றிக்கொண்டே இருப்பதைவிட டேங்கைச் சுத்தம் செய்வதுதான் வழி.

வேனுக்குள் பெட்ரோல் வாடை. எங்கிருந்து வருகிறது?

வாடை எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைக்கும். டேங்க் நிரப்பிய அன்று, அல்லது வளைவில் திரும்பும்போது மட்டும் வந்தால் கசிவு டேங்கின் மேல்பாதியில் இருக்கிறது. வாய் ஹோஸ், காற்றுப்போக்கி ஹோஸ், அளவுமானி உட்காரும் கேஸ்கெட், இந்த மூன்றில் ஒன்று. ஓட்டி வந்து நிறுத்திய அரை மணி நேரத்தில் வந்தால் கார்புரேட்டர் பக்கம் பாருங்கள். சூட்டில் மிதவைத் தொட்டியின் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு அறை) பெட்ரோல் ஆவியாவது கொஞ்சம் இயல்புதான், ஆனால் ஈரம் தெரிந்தால் கசிவு. எப்போதும் வாடை அடித்தால் அடிப்பக்கம் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

காரணம் தெரியும் வரை அந்த வேனில் தூங்கக் கூடாது, அடுப்பு பற்றவைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

காற்று வழி என்றால் ஏர் ஃபில்டர் மட்டும்தானே?

மட்டும் இல்லை. பின்பக்க மூலைகளில், ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் துளைப் பட்டைகளிலிருந்தே அது தொடங்குகிறது. இன்ஜின் மூச்சுவிடும் காற்றும், ஃபேன் இழுத்து சிலிண்டர்களைக் குளிர்விக்கும் காற்றும் அதே வழியாகத்தான் அறைக்குள் வருகின்றன. இன்ஜினைச் சுற்றித் தகடுகள், தகட்டுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை. மேலே குளிர்ந்த காற்று, கீழே சைலன்சரின் சூட்டுக் காற்று. இரண்டும் கலக்காமல் பார்த்துக்கொள்வது அந்த ரப்பர்தான்.

அது கிழிந்தாலோ, எடுத்துவிட்டுத் திரும்பப் போடாவிட்டாலோ, ஃபேன் கீழிருந்து சூட்டுக் காற்றை இழுத்துத் திரும்பவும் சிலிண்டர் மேலேயே ஊதும். கார்புரேட்டருக்கும் சூடான, அடர்த்தி குறைந்த காற்றுதான் போகும். ஏற்றத்தில் இழுவை குறைகிறது, ஆயில் கொதிக்கிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ரப்பரைப் பற்றித்தான். தகட்டில் ஓட்டைகள் திறந்து கிடந்தாலும் இதே கதை. ஹீட்டர் குழாய் எடுத்த ஓட்டை, வயர் போன ஓட்டை எல்லாவற்றையும் மூடுங்கள். துளைப் பட்டைகளின் உள்பக்கம் சருகும் தூசியும் அடைத்திருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். கேம்பராக மாற்றியவர்கள் சிலர் அந்த இடத்தில் அலமாரியோ சத்தம் தடுக்கும் பஞ்சோ வைத்துக் காற்றை மறித்திருப்பார்கள். அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

ஆயில் ஊற்றும் பழைய ஏர் ஃபில்டரைத் தூக்கிவிட்டுப் புதிது போடலாமா?

நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது தூசி ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். ஆயில் சேறானதும் கொட்டிவிட்டு மண்ணெண்ணெயில் கழுவி, குறி வரை புது இன்ஜின் ஆயில் ஊற்றினால் போதும், வாங்க வேண்டியது எதுவும் இல்லை. கழற்றும்போது சாய்க்காதீர்கள். குறிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மூல ஏர் ஃபில்டரில் சூட்டுக் காற்றை இழுக்கும் ஒரு மூக்கும் அதற்கு ஒரு கதவும் இருக்கும். இன்ஜினின் மூச்சுக்குழாயும் அதில்தான் சேரும். தட்டையான சின்ன ஃபில்டர் போட்டால் இவை இரண்டும் போய்விடும்.

குளிர் நாளில் கொஞ்ச தூரம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். வெளியே உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருந்தாலும், ஈரப்பதம் அதிகம் என்றால் உள்சுவரில் பனி படியும். நின்ற பிறகு இன்ஜின் சூட்டில் அது உருகிவிடும், அதனால்தான் மெக்கானிக் வரும்போது குறை காணாமல் போகிறது.

இதைத் தடுக்கத்தான் ஃபில்டரின் சூட்டு மூக்கு. அதோடு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒட்டி ஒரு மெல்லிய குழாய் ஓடும், அதில் சைலன்சர் புகை போய் மேனிஃபோல்டைச் சூடாக்கும். பழைய வண்டிகளில் இது கரியால் அடைத்திருக்கும். பத்து நிமிடம் ஓடிய பின் அந்தக் குழாயின் இரண்டு பக்கமும் தொட முடியாத சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆறியிருந்தால் அடைப்பு.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் வேகம் குறைய மாட்டேன் என்கிறது.

எங்கோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டில் சேரும் இடம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸ், இவற்றைப் பாருங்கள். இரட்டைத் துளை (ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் இரண்டு இன்டேக் துளை) 1600 இன்ஜினில் மேனிஃபோல்டின் நடுப்பகுதியும் ஓரப்பகுதியும் சேரும் இடத்தில் ரப்பர் உறைகள் இருக்கும். அவை அடிப்பக்கத்தில்தான் வெடிக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஸ்ப்ரே அடித்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். சூடான இன்ஜின் மேல் எரியக்கூடிய கார்ப் கிளீனரை அடிப்பதை நான் செய்வதில்லை. பூவாளிபோல் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மின் இணைப்புகளைத் தவிர்த்து ஒவ்வொரு இணைப்பாகத் தெளியுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் இன்ஜினின் சத்தம் ஒரு கணம் மாறும். ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

எல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையா? த்ராட்டில் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் கார்புரேட்டர் உடலுக்கே புஷ் (தண்டைச் சுற்றி உட்காரும் உலோக வளையம்) போட வேண்டும். புது கேஸ்கெட் போட்டு நட்டை மிதமாகத்தான் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து புதிதாக ஒரு கசிவைத் தரும்.

என் வண்டி ஃபியூவல் இன்ஜெக்‌ஷன். இதெல்லாம் பொருந்துமா?

காற்றுக் கசிவைப் பொறுத்தவரை இன்னும் கடுமையாகப் பொருந்தும். எழுபதுகளின் நடுவில் சில சந்தைகளுக்கு பாஷ் கம்பெனியின் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனுடன் வேன்கள் வந்தன. அதில் ஒரு பெட்டிக்குள் இருக்கும் கதவைக் காற்று தள்ளுகிற அளவை வைத்துத்தான் பெட்ரோல் கணக்கிடப்படுகிறது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் எங்கே காற்று நுழைந்தாலும் அது கணக்கில் வராது. பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு ரப்பர் குழாயை முதலில் சோதியுங்கள். ஆயில் மூடியின் வாஷர், ஆயில் குச்சியின் அடைப்பு வரைக்கும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பெட்ரோல் பக்கம், கார்புரேட்டருக்கு சுமார் 0.2 பார் அழுத்தம் என்றால் இங்கே 2.5 பார். சின்ன விரிசல்கூடச் சொட்டாது, பீய்ச்சும்.

மெக்கானிக்கல் பம்பை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் பம்ப் போடலாமா?

அவசியம் இல்லை என்பது என் கருத்து. மூல பம்ப் இன்ஜின் நின்றதும் தானே நின்றுவிடும், அது பெரிய பாதுகாப்பு. மாற்றும்போது பம்புக்கு அடியில் இருக்கும் தள்ளுகோலின் நீளத்தை மட்டும் கவனியுங்கள். டைனமோ இன்ஜினின் பம்புக்கு 108 மி.மீ., ஆல்டர்னேட்டர் இன்ஜினின் பம்புக்கு 100 மி.மீ. மாற்றிப் போட்டால் பம்ப் வேலை செய்யாது, இல்லையென்றால் உடையும்.

எலக்ட்ரிக்தான் வேண்டும் என்றால் டேங்குக்கு அருகே, தாழ்வாகப் பொருத்துங்கள். இன்ஜின் நின்றால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே கட்டாயம். அழுத்தம் கூடினால் மிதவைத் தொட்டிக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி தாங்காமல் கார்புரேட்டர் வழியும், அதனால் குறைந்த அழுத்தப் பம்பைத் தேடி வாங்குங்கள்.

தீயணைப்பான் எது?

பெட்ரோல் தீக்கு ஏற்ற உலர் பவுடர் வகை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில். தூங்கும் பக்கத்தில் இன்னொன்று இருந்தால் நல்லது. 1600 வரையிலான பழைய இன்ஜின்களின் உடல் மெக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ இன்னும் மூர்க்கமாகும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஆட்களை இறக்கிவிட்டு விலகிப் போங்கள், வண்டி போனால் போகட்டும்.

எல்லாம் மாட்டியாயிற்று. எப்படிச் சரிபார்ப்பது?

டேங்கில் ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, ஸ்டார்ட் செய்யாமல் பத்து நிமிடம் விடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து, பின்கதவைத் திறந்து வைத்து, அறைக்குள் பார்த்தபடி நில்லுங்கள். நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு இன்னொரு முறை தாளால் ஒற்றுங்கள். கிளிப்புகள் சூட்டில் சற்றுத் தளரும், ஒரு கால் சுற்று இறுக்க வேண்டி வரும். அடுத்து டேங்கை முழுக்க நிரப்பி, வளைவுகள் உள்ள சாலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து உள்ளே முகர்ந்து பாருங்கள். ஹோஸ் மாற்றிய தேதியை இன்ஜின் அறைக் கதவின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள்.